வீட்டுக் கணினியில் ஓடுவது யாருடைய விண்டோஸ்?

மந்தமாகிப்போன லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கண்டியில் ஒரு கடைக்குப் போகிறவர் சொல்வது பெரும்பாலும் ஒரு வரிதான்: “விண்டோஸ் அடிச்சுத் தாங்க.” பேராதனை வீதி, திருகோணமலை வீதி, கட்டுகஸ்தோட்டை, எங்கே கொடுத்தாலும் ஓரிரு நாளில் அது புதிதுபோல ஓடும், திருத்துகூலி கைமாறும். எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, அதற்கு உரிமம் எங்கிருந்து வந்தது என்ற பேச்சைக் கடைக்காரரும் எடுப்பதில்லை, வாடிக்கையாளரும் எடுப்பதில்லை. இதைப் பற்றி எழுத வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள். கள்ளப் பிரதி பாவிப்பது குற்றம் என்று கண்டிப்பது ஒன்று; ஏழை நாட்டுக்காரன் வேறென்ன செய்வான் என்று விட்டுவிடுவது மற்றது. இரு தரப்பாரும் ஓர் ஊகத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள்: முறையான இயங்குதளம் என்றால் பெரும் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள். வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை இந்த ஊகம் பெரும்பாலும் பிழை. பல வீடுகளில் உரிமத்துக்கான பணம் இயந்திரம் வாங்கிய அன்றே செலுத்தப்பட்டுவிட்டது. அது மதர்போர்டுக்குள் தூங்கிக் கிடக்கிறது. வேறு பல வீடுகளின் தேவைக்குப் பணமே கேட்காத இயங்குதளம் போதும். கள்ளப் பிரதியை வீட்டுக்குள் கொண்டுவருவதில் விலைக்கு இருக்கும் பங்கைவிட, கேட்காமல் கொடுத்துக் கேட்காமல் வாங்கும் வழக்கத்துக்கு இருக்கும் பங்கு பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிலவரத்தை முதலில் பார்க்கலாம். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிட்டுவந்த மதிப்பீட்டில், இலங்கைக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருளில் உரிமமற்றவற்றின் பங்கு 2011இல் 84 வீதம், 2013இல் 83, 2015இல் 79, 2017இல் 77. அதே 2017இல் இந்தியாவின் எண் 56. இந்தக் கணக்கைச் சொல்வது விற்பவர்களின் சங்கம் என்பதையும், கணக்கில் இயங்குதளம் மட்டுமல்லாமல் எல்லா மென்பொருளும் சேர்ந்திருப்பதையும் மறந்துவிடக்கூடாது. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் போக்கு தெளிவாகத் தெரிகிறது: குறைகிறது, மிக மெதுவாகக் குறைகிறது. இத்தனைக்கும் நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றில்தான் கணினி இருக்கிறது என்பது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுகளில் தெரியும் படம். பெருந்தோட்டப் பகுதிகளில் அது இன்னும் பல மடங்கு அருமை. தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ ஒரு லயத்து வீட்டுக்குள் லெப்டொப் வந்துசேர்கிறது என்றால் அது பெரும்பாலும் ஒரு பிள்ளையின் படிப்புக்காகக் குடும்பமே சேர்த்த பணம். அந்த இயந்திரத்தில் என்ன ஓடுகிறது என்பதைச் சின்ன விடயமாகத் தள்ளிவிட முடியாது.

விலை என்ற ஆட்சேபனைக்கு வருவோம். அதில் உண்மை இருக்கிறது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை மைக்ரோசொப்ட் அமெரிக்காவில் 139 டொலருக்கு விற்கிறது. டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் 41,000 ரூபாயைத் தாண்டும். 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 வரை ஏறியதை இந்நாட்டவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று கணினியோடு தொடர்புடைய ஒவ்வொன்றும் எட்டாத உயரத்துக்குப் போனது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு விண்டோஸ் பிரதி என்பது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கி இன்னும் கேட்கும். இந்த நிலையில் உள்ள ஒருவரிடம் போய் 41,000 ரூபாய் கொடுத்து வாங்கு என்று நல்லுபதேசம் செய்வது வெட்கக்கேடு. ஆனால் அவர் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறாரா என்பதை முதலில் கேட்க வேண்டும். சில்லறை விலைக்குத் தனியாக விண்டோஸ் வாங்குவது இருக்கும் வழிகளில் கடைசி வழி. அதற்கு முன்னால் உள்ள வழிகளைக் கடைக்காரர் சொல்வதில்லை. பாதிப்பேருக்கு அவை தெரியவே தெரியாது.

முதல் வழி இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் லெப்டொப்களின் உரிமக் குறியீட்டைத் தயாரிப்பாளர்கள் ஒட்டுத்தாளில் அச்சிட்டு அடியில் ஒட்டுவதை விட்டு, மதர்போர்டின் நிலைபொருளிலேயே எழுதிவிடுகிறார்கள். வன்தட்டை மாற்றினாலும் போர்மட் செய்தாலும் அது அழியாது. சரியான பதிப்பைத் திரும்ப நிறுவினால் நிறுவல் நிரல் அந்தக் குறியீட்டைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். இணையத்தில் இணைந்ததும் அக்டிவேஷன் முடிந்துவிடும். பிறகெப்படி இத்தனை லெப்டொப்களில் உரிமச் சோதனையை ஏமாற்றும் கிராக் ஓடுகிறது? காரணம் விசித்திரமானது. வீட்டு லெப்டொப்களில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் ஹோம் பதிப்பின் குறியீடு. கடையின் பென் டிரைவிலோ எல்லோருக்கும் பொதுவாக ப்ரோ அல்லது என்டர்பிரைஸ் பதிப்பு. கள்ளச் சந்தையில் உயர்ந்த பதிப்புக்கும் தாழ்ந்த பதிப்புக்கும் ஒரே விலை என்பதால் உயர்ந்ததையே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். விண்டோஸ் 7 காலத்தில் இந்நாட்டில் யாரைக் கேட்டாலும் அல்டிமேட்தான் வைத்திருந்தார்கள். உலகின் மிகச் செல்வந்தமான கணினிப் பாவனையாளர்கள் நாமாகத்தான் இருந்திருப்போம். ஹோம் குறியீடு ப்ரோ பதிப்பைத் திறக்காது. எனவே காசு கொடுத்து வாங்கிய உரிமம் மதர்போர்டில் சும்மா கிடக்க, அதன்மேல் கள்ளப் பிரதி ஒன்று ஏறிக்கொள்கிறது. வாங்கித் தந்த குடும்பம் இரண்டு வகையிலும் ஏமாற்றப்படுகிறது, அதையும் கூலி கொடுத்து.

இது நம் இயந்திரத்தில் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. விண்டோஸின் அமைப்புகளுக்குள் அக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், டிஜிட்டல் உரிமத்தால் செயற்படுத்தப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை வழியாகச் செயற்படுத்தப்பட்டது என்று இருந்தால், குண்டசாலையில் ஒரு படுக்கையறை மேசையில் இருக்கும் கணினி எந்த நிறுவனத்தைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்ளலாம். பல்கலைக்கழகம், வங்கி போன்ற பெரிய இடங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே உள் சேவையகத்தால் செயற்படுத்த மைக்ரோசொப்ட் வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஒவ்வொரு கணினியும் 180 நாளுக்குள் அந்தச் சேவையகத்தைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கிராக் நிரல்களில் பல, அப்படி ஒரு போலிச் சேவையகத்தைக் கணினிக்குள்ளேயே குடியிருத்தி, விண்டோஸை நம்பவைக்கின்றன. அது வேலை செய்ய நிர்வாகியின் முழு அதிகாரம் தேவை. வைரஸ் காவலை அணைக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட கோப்பைத் தொடாதே என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். வீட்டின் சாவியைக் கொடுத்து நாயையும் கட்டிப்போடுவதுபோன்ற காரியம்.

அந்தக் கதவு வழியாக என்ன வந்திருக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றுக்கு மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம், தென்கொரியா, பிலிப்பைன்ஸ், பங்களாதேஷ் ஆகிய நாடுகளோடு இலங்கையிலிருந்தும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. கள்ள மென்பொருள் போட்டு விற்கப்பட்ட 90 புதிய கணினிகளையும் 165 இறுவட்டுகளையும் சோதித்ததில், கணினிகளில் 92 வீதத்திலும் வட்டுகளில் 61 வீதத்திலும் தீநிரல் இருந்தது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மைக்ரோசொப்ட். ஆகவே அதைத் தனிச் சான்றாக வைத்து வாதிடுவது நியாயமாகாது. ஆனால் மைக்ரோசொப்டோடு சம்பந்தமில்லாத பக்கங்களிலிருந்தும் அதே செய்திதான் வருகிறது. கேஎம்எஸ்பிகோ என்ற பிரபலமான கிராக்கின் பெயரில் உலவும் நிறுவல் கோப்புகள் கிரிப்டோ பணப்பைகளையும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் திருடும் நிரலைக் கூடவே இறக்குவதை ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசெம்பரில் அம்பலப்படுத்தியது. 2018 முதல் வீட்டுப் பாவனையாளர்களைக் குறிவைத்துப் பரவிய ஸ்டொப் எனும் பணயநிரல் குடும்பத்தின் பிரதான வாகனமே கிராக் கோப்புகள்தான். அது பூட்டுவது பிள்ளையின் உயர்தரக் குறிப்புகளையும் கல்யாண வீட்டுப் படங்களையும். விடுவிக்கக் கேட்பது டொலரில்.

“ஆறு வருஷமாகப் பாவிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லையே” என்பது இதற்குக் கிடைக்கும் வழமையான பதில். கடவுச்சொல் திருடும் நிரல் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஒன்றும் நடக்காததுபோல இருப்பதே அதன் வெற்றி. அதைவிட முக்கியமானது இன்னொன்று. கிராக் போட்டவர் பெரும்பாலும் அப்டேட்டை நிறுத்திவைக்கிறார், அல்லது கடைக்காரரே நிறுத்திக் கொடுக்கிறார். அப்டேட் வந்தால் அக்டிவேஷன் போய்விடும் என்ற பயம். 2017 மே 12இல் வோனாகிரை உலகெங்கும் 150க்கு மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் வெளியிட்டு ஏறக்குறைய இரண்டு மாதமாகியிருந்தது. பூட்டப்பட்டவை பெரும்பாலும் அந்தத் திருத்தம் போய்ச்சேராத இயந்திரங்கள். உரிமம் சரியாக இருந்தாலும் அப்டேட் நின்றுபோனால் கதி இதுதான் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் லங்கா அரச மேகத் தொகுதி பணயநிரலுக்கு இரையானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளப் பெற முடியாமல் போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஆதரவுக்காலம் அந்த ஏப்ரலிலேயே முடிந்துவிட்ட எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். நிதியில்லாமல் மேம்படுத்தல் தள்ளிப்போடப்பட்டதாக விளக்கம் சொல்லப்பட்டது. ஆகவே முறையான இயங்குதளம் என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும், இன்றும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்க வேண்டும். முதலாவது மட்டும் போதாது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்புத் தருகிறது. உரிமை மீறிய நிரல் என்று தெரிந்தும் வணிக இலாபத்துக்காக அதைப் பாவிப்பவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதச் சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வணிக இலாபம் என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். அச்சகம், தட்டெழுத்து நிலையம், டியூட்டரி, கணக்காளர் அலுவலகம் ஆகியவற்றுக்கு இது நேரடியான ஆபத்து. வீட்டில் பாடம் படிக்கும் பிள்ளையைத் தேடிப் பொலிஸ் வரப்போவதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அனுமதியின்றிப் பிரதியெடுப்பது வீட்டிலும் உரிமை மீறல்தான். இருந்தாலும் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தி வீட்டுப் பழக்கத்தை மாற்றலாம் என்று நம்புவது வீண். பயமுறுத்தல் இருபது ஆண்டுகளாக நடந்து கண்ட பலனைப் பிஎஸ்ஏயின் எண்களிலேயே பார்த்தோம்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கௌரவமானது. மைக்ரோசொப்ட் உலகப் பணக்கார நிறுவனம். நான் ஒரு பிரதி எடுத்தால் அதற்கென்ன நட்டம்? பெரிதாக நட்டமில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். 1998இல் பில் கேட்ஸே சீனாவைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடப்போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடுவதே நல்லது, பழகிவிடுவார்கள் என்ற கருத்தைச் சொன்னார். வாதத்தின் ஓட்டை அங்கேதான். கள்ள விண்டோஸ் பாவிப்பது பெரிய நிறுவனத்துக்கு எதிரான கலகம்போலத் தோன்றினாலும், நடைமுறையில் அது அந்த நிறுவனத்துக்குச் செய்யும் இலவச ஊழியம். உண்மையில் அடிவாங்குவது இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கும் மாற்றுகள். விண்டோஸும் இலவசமாகக் கிடைக்கும் சந்தையில், லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் இலவசத்துக்கு என்ன மதிப்பு?

இதற்குக் கண்டியோடு பெயர்த் தொடர்புள்ள ஒரு சாட்சி உண்டு. பேராதனை வளாகத்துக்கு மேலே நிற்கும் மலைத்தொடரின் பெயரைச் சூடி, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு இலங்கையர் உருவாக்கிய ஹந்தானை லினக்ஸ் என்ற இயங்குதளம் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்துகொண்டிருந்தது. அலுவலக மென்பொருள், ஒளி-ஒலி இயக்கிகள், கல்விச் செயலிகள் எல்லாம் முன்கூட்டியே சேர்க்கப்பட்ட ஒரே வட்டு; நல்ல இணைய வேகம் இல்லாத வீட்டுக்கென்றே யோசித்துச் செய்தது. பாடசாலைகளுக்கெனத் தனிப் பதிப்பும் இருந்தது. இன்று அது அசைவற்றுக் கிடக்கிறது. திறமைக் குறைவால் இப்படி ஆகவில்லை. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையர் எழுதிய சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருளுக்கு 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதே கிடைத்தது. வீட்டுக் கணினியில் மட்டும் நம் ஊர்ப் படைப்பு ஒன்று நிலைக்க முடியாமல் போனதற்குக் கள்ளப் பிரதியின் தாராளம் ஒரு பெருங்காரணம் என்பது என் கணிப்பு.

மாற்று இயங்குதளத்தைப் பற்றி யோசிக்கக் காலமே இப்போது ஒரு கட்டாயத்தைக் கொண்டுவந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் வேண்டும். கண்டியில் பாவித்த நிலையில் விற்கப்படும் லெப்டொப்களில் நான்காம், ஆறாம் தலைமுறை இயந்திரங்கள் எத்தனையோ. நல்ல தட்டச்சுப் பலகையும் உறுதியான உடலும் கொண்ட, இன்னும் ஐந்து வருடம் உழைக்கக்கூடியவை. இவற்றுக்கு மூன்று தெரிவுகள் சொல்லப்படுகின்றன. நிபந்தனைகளைச் சுற்றிக் கடந்து விண்டோஸ் 11ஐப் போடுவது முதலாவது. அப்படிப் போட்டால் அப்டேட் வருவதற்கு உறுதியில்லை என்று மைக்ரோசொப்டே சொல்கிறது. நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிவுசெய்வது இரண்டாவது. 30 டொலர் கொடுத்தோ, மைக்ரோசொப்ட் கணக்கில் அமைப்புகளை ஒத்திசைத்தால் பணமின்றியோ 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று அந்த ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. உரிமம் சரியாக உள்ளவர்களுக்கு இது மூச்சுவிட ஓர் அவகாசம், அதற்குமேல் ஒன்றுமில்லை. மூன்றாவது லினக்ஸ். 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும், 4 ஜிபியில் வசதியாக ஓடும் லினக்ஸ் மின்ட் 22க்கும், அதற்கு அடித்தளமான உபுண்டு 24.04க்கும் 2029 வரை திருத்தங்கள் வரும். பழைய இயந்திரத்துக்கு அது பணமின்றிக் கிடைக்கும் நீண்ட, முறையான ஆயுள். உலாவி மட்டும் போதும் என்போருக்குக் கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸும் உண்டு; இணையம் அடிக்கடி தடைப்படும் மலைப்பகுதிகளுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

லினக்ஸுக்கு எதிரான ஆட்சேபனைகளில் பழையவையும் உண்டு, இன்றும் உயிரோடிருப்பவையும் உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும் என்பது பழையது. பிள்ளைகளின் பாடத்துக்கு மைக்ரோசொப்ட் ஒபிஸ் வேண்டும் என்பதில் பாதி உண்மை. தகவல் தொழினுட்பப் பாடநூல்கள் லிபரேஒபிஸையும் பெயர் சொல்லிக் காட்டுகின்றன, வேர்ட், எக்ஸெல் ஆகியவற்றின் இணையப் பதிப்பு உலாவியில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ் அடிக்க முடியாது என்பது முற்றிலும் தவறு. இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 1326 ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸின் உள்ளீட்டுத் தொகுதியில் உண்டு, தமிழ்99உம் உண்டு, பாமினி எழுத்துருவில் பழகிய கைகளுக்கு அந்த எழுத்துருவையே நிறுவி லிபரேஒபிஸில் அடிக்கலாம். உண்மையான சிக்கல் பிரின்டர். இந்தப் பிரதேசமெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் பரவிக்கிடக்கும் கெனன் எல்பிபி 2900 லினக்ஸோடு முரண்டுபிடிக்கும். எச்பி, எப்சன் வகைகளில் பெரும்பாலானவை பணிந்து நடக்கும். ஆகவே இயங்குதளத்தைத் தெரிவுசெய்யும் முன் மேசையில் எந்தப் பிரின்டர் இருக்கிறது என்று பார்ப்பது எந்தத் தத்துவ விவாதத்தையும்விடப் பயனுள்ளது.

வலுவான ஆட்சேபனை வேறு: பழுதானால் யார் பார்ப்பார்? கடையில் லினக்ஸ் தெரிந்தவர் இல்லாவிட்டால், இலவச இயங்குதளம் கேட்பாரற்ற இயங்குதளமாகிவிடும். கேரளத்தின் அனுபவம் இங்கே உதவும். 2001இல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி இன்று கைட் என்ற நிறுவனமாக இயங்கும் அரச அமைப்பு, மாநிலத்தின் பொதுப் பாடசாலைகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அங்கே பத்தாம் வகுப்பு மாணவர் செய்முறைப் பரீட்சை எழுதுவது லினக்ஸில். மென்பொருளை இலவசமாகக் கொடுத்ததோடு நிற்காமல் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததுதான் அதைத் தாங்கிப் பிடித்தது. கண்டியில் அத்தகைய ஏற்பாடு இல்லை என்றாலும், பொறியியல் பீடமும் விஞ்ஞான பீடமும் கொண்ட பேராதனைப் பல்கலைக்கழகம் சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. லினக்ஸ் தெரிந்த இளைஞர்களுக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. அவர்களுக்கும் கடை மேசைக்கும் இடையிலான தொடர்புதான் இல்லை. வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரர் கற்றுக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைரஸோடு திரும்பி வரும் இயந்திரத்தை விட்டுக்கொடுக்க அவருக்குத் தயக்கம் இருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

எல்லோரும் லினக்ஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லவரவில்லை. போட்டோஷொப்பும் ஒட்டோகேடும் வயிற்றுப்பிழைப்பாக உள்ளவர், விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர், பேஜ்மேக்கரில் பல வருடக் கோப்புகளை வைத்திருக்கும் அச்சகத்தார், கேம் விளையாடும் பிள்ளைகள் ஆகியோருக்கு விண்டோஸ்தான் பொருத்தம்; தொழில் செய்பவர் அதற்குப் பணமும் கொடுக்க வேண்டும். மலிவான சந்தர்ப்பம் இயந்திரம் வாங்கும் நேரம். இயங்குதளம் இல்லாமல் விற்கப்படும் லெப்டொப்புக்கும் விண்டோஸோடு வரும் அதே ரகத்துக்கும் உள்ள விலை வித்தியாசம், பின்னால் தனியாக வாங்கும் சில்லறை விலையைவிடப் பொதுவாகக் குறைவு. முகநூலில் ஓரிரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் உரிமக் குறியீடுகளை நம்பக்கூடாது. பெரும்பாலும் நிறுவனங்களின் மொத்த உரிமத்திலிருந்து கசிந்தவை அவை. இன்று வேலை செய்து நாளை முடக்கப்படலாம், பணம் வாங்கியவரின் பக்கமும் அதற்குள் காணாமல் போயிருக்கும். காசும் கொடுத்துக் கள்ளப் பிரதியும் பெறுவது என்றால் இதுதான். குறியீடே இல்லாமல் விண்டோஸை நிறுவி, திரை மூலையில் தெரியும் எச்சரிக்கை வரியோடு பாவிப்பவர்களும் உண்டு. உரிம விதிப்படி அது சரியல்ல. ஆனால் அப்டேட் வரும், கிராக் இல்லை. இரண்டு தவறுகளில் சிறியது எது என்று கேட்டால் இதையே காட்டுவேன்.

நிறுவும் வேலைக்கு வருவோம். கோப்புகளை வேறொரு வட்டில் பிரதியெடுத்த பிறகே எதையும் தொடங்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது, எவரும் செய்யாதது. நிறுவல் கோப்பை மைக்ரோசொப்டின் அல்லது அந்தந்த லினக்ஸ் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். மின்ட் 3 ஜிபியளவு, விண்டோஸ் 11 அதன் இரு மடங்கு, இரவு நேர டேட்டாவில் இறக்கிவிடலாம். கடையின் பென் டிரைவை மறுத்துவிடலாம். இலவச மென்பொருள் என்பதால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது: 2016 பெப்ரவரி 20இல் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்தவர்கள் 17.3 சினமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். இறக்கிய கோப்பைச் சரிபார்த்த பின்பே நிறுவ வேண்டும். லினக்ஸை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரின்டர் அச்சிடுகிறதா என்று ஒரு மாலை சோதித்த பின் முடிவெடுக்கலாம். விண்டோஸ் 11 உள்ள புதிய லெப்டொப்பில் லினக்ஸையும் சேர்த்து வைக்க நினைப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கக்கூடும். அதன் மீட்புச் சாவி மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். வட்டின் பிரிவுகளில் கைவைக்கும் முன் அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதிவைக்காவிட்டால், சொந்த வீட்டுக் கோப்புகளே திறக்காமல் போகும்.

இதையெல்லாம் தானே செய்ய எல்லோராலும் முடியாது. கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் கொடுக்கலாம். கொடுக்கும்போது கேட்க வேண்டியவை மூன்றுதான். மதர்போர்டில் உரிமக் குறியீடு இருக்கிறதா, எந்தப் பதிப்புக்கு? அதே பதிப்பைப் போட முடியுமா? இல்லையென்றால் எந்த லினக்ஸ் போடுவீர்கள்? இயந்திரத்தைத் திரும்ப வாங்கும்போது பில்லில் “விண்டோஸ் இன்ஸ்டோல்” என்ற இரண்டு சொற்களுக்குப் பதிலாகப் பதிப்பின் பெயரும் உரிமம் எங்கிருந்து வந்தது என்பதும் எழுதித் தரச் சொல்லலாம். எழுத மறுத்தால், அக்டிவேஷன் பக்கத்தைக் கடை மேசையிலேயே திறந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம்.